பல்பைப் போட்டுப் பாருங்க

பட்டறை பெஞ்சில் பூட்டிய வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே மாட்டியிருப்பது தன் வலது கைதான் என்பதை எலக்ட்ரீஷியனால் முதலில் நம்ப முடியவில்லை. மரவாடிக்காரர் கைப்பிடியை இன்னும் கால் சுற்று திருப்பினார். சுண்டுவிரல் காய்ந்த சுள்ளி போல முறிந்தது. அப்புறம் நம்பாமல் இருக்க வழியில்லை.

“முட்டிக்கு மேல எடுத்துட்டாங்கடா! என் தங்கச்சி கண்ணைத் தொறந்ததும் காலைத் தேடுறாடா!” என்று மரவாடிக்காரர் கதறினார்.

பட்டறையின் ஷட்டரை உள்ளே வந்ததுமே அவர் இறக்கிவிட்டிருந்தார். தடுக்கப் போன எலக்ட்ரீஷியனின் மச்சினன், வீல் ஸ்பேனரால் வாங்கிய அடியில் நெற்றி பிளந்து, பழைய டயர்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தான்.

பக்கவாட்டில் நசுங்கிய மரவாடிக்காரரின் வண்டி ஜாக்கியின் மேல் நின்றது. முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரங்களும் சேர்ந்து தள்ள வேண்டிய வண்டி. இரண்டையும் சேர்த்துவைக்கும் கப்ளிங் பின்பக்கத்து அடியில் இருக்கிறது. மின்சாரம் வந்தால்தான் அது பிடிக்கும். அதற்குப் போகும் வயரைப் போன மாதம் மாற்றியது இந்த எலக்ட்ரீஷியன். தங்கை ஓட்டிப்போன களிமண் மேட்டில் முன்சக்கரம் வழுக்கியபோது பின்சக்கரம் தேமேயென்று இருந்துவிட்டது. வண்டி பின்னோக்கிச் சறுக்கிப் பள்ளத்தில் புரண்டது.

“என் வேலை தப்புன்னா நீங்க கையை எடுத்துக்கங்க அண்ணே. அதுக்கு முன்னாடி வயரைப் பாத்துடுவோம்.”

“பாக்கறேன். நானே பாக்கறேன். தப்பு உன்னுதுன்னா மிச்ச நாலு விரலும் கிடையாது.”

“அடியில போறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டாண்டு முட்டுக் குடுத்துட்டுப் போங்க. ஜாக்கியை நம்பாதீங்க.”

“நேரத்தை ஓட்டறியா?” என்று ஓர் அறை விட்டார். எலக்ட்ரீஷியனின் வாயில் ரத்தம் ஊறியது. மரவாடிக்காரர் வண்டிச் சாவியைத் திருப்பிவிட்டு, பெஞ்சிலிருந்த வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். கப்ளிங்கின் பிளக்கைக் கழற்றி மீட்டர் முனைகளை வைத்ததும், “பன்னெண்டு வோல்ட் வருது! வயர் நல்லாத்தான் இருக்கு. நீ கப்ளிங்கைத்தான் கெடுத்திருக்கே!” என்று கத்தினார்.

வெளியே வந்து வைஸை இன்னொரு கால் சுற்று இறுக்கினார். எலக்ட்ரீஷியனின் கண் இருட்டியது. கடவுளே, கையை வேண்டுமானால் எடுத்துக்கொள், புத்தியை மட்டும் விட்டுவை என்று வேண்டிக்கொண்டார்.

“அண்ணே... பெஞ்சுல பழைய ஹெட்லைட் பல்பு கிடக்கு. அந்தப் பிளக்குல அதைப் போட்டுப் பாருங்க.”

“இதுக்குத்தான்டா ஊரே உன்னைப் பல்புன்னு கூப்பிடுது!”

“கூப்பிடட்டும். மீட்டர் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போற விருந்தாளி. பல்பு உள்ள வந்து உக்காந்து சாப்பிடுற ஆளு. வீட்டுல சோறு இருக்கா இல்லையான்னு சாப்பிட உக்காந்தாத்தானே தெரியும்?”

பல்லைக் கடித்தபடி மரவாடிக்காரர் மறுபடி அடியில் போனார். பல்பு சாகப்போகிற தணல் போல மங்கலாகச் சிவந்தது, வெளிச்சமே இல்லை.

“எங்கேயோ கம்பி அறுந்து ஒரு இழை மட்டும் மிஞ்சியிருக்குண்ணே. மீட்டருக்கு அந்த இழை போதும், பல்புக்குப் போதாது. வயரைத் தடவி, அசைச்சு அசைச்சு முன்னாடி வாங்க. எங்க தொடும்போது வெளிச்சம் துடிக்குதோ, அங்கதான் கோளாறு.”

அப்போதுதான் டயர்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது. மச்சினன் முகமெல்லாம் ரத்தத்தோடு தவழ்ந்து வந்து ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். இடப்பக்கம் ஒரு திருகல். வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். அடியில் இருப்பவர் கூழாகிவிடுவார்.

“மாப்ள, வேண்டாம்.”

“உன் கையைப் பிழியறான் மாமா இவன்!”

“பிழிஞ்சது கையைத்தானே. நீ பிழியப்போறது உயிரை. அந்தப் பொண்ணுக்கு ஒரு கால் போச்சு. அண்ணனும் போகணுமா?”

வண்டிக்கு அடியில் இருந்த மரவாடிக்காரருக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஜாக்கியின் மேல் இருந்த கையும் தெரிந்தது. மச்சினன் விம்மினான். பிறகு மரவாடிக்காரரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே இரண்டு ஸ்டாண்டுகளை இழுத்துவந்து வண்டிக்கு முட்டுக் கொடுத்தான்.

வெகுநேரம் கழித்துப் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது.

“இங்க... ஒரு நீலக் க்ளிப் இருக்கு” என்றது அடியிலிருந்து ஒரு கம்மிய குரல்.

“நான் க்ளிப்பே போடறதில்லைண்ணே. இன்னொரு வயரை ஒட்ட அது கம்பியைக் கடிச்சுத்தான் பிடிக்கும், இழை அறுந்துடும். ஈயம் வச்சு ஒட்டறதுதான் என் வழக்கம்.”

வயர் மாற்றிய பிறகு அந்தக் க்ளிப்பைப் போட்டவர் மரவாடிக்காரரேதான். வண்டிக்குப் பின்னால் மரம் ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு இருட்டில் வரும் தங்கையை யாரும் இடித்துவிடக் கூடாதென்று, ட்ரெய்லருக்கு விளக்கு வைக்க, கைக்கு எட்டிய தடித்த வயரில் அதைக் கடிக்கவிட்டிருந்தார்.

அவர் வெளியே வந்து வைஸைத் தளர்த்தினார். எலக்ட்ரீஷியன் நசுங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். மறுகணமே மரவாடிக்காரர் தன் வலது கையைத் தாடைகளுக்குள் திணித்து, இடது கையால் வெறிபிடித்தவர் போலச் சுற்றத் தொடங்கினார்.

“அண்ணே!”

அவர் நிறுத்துகிற வழியாக இல்லை. எலக்ட்ரீஷியன் யோசிக்கவில்லை. முறிந்த தன் கையை அவர் கையின் மேலேயே கொண்டுபோய் அதே தாடைகளுக்குள் வைத்துவிட்டார். இனி ஒரு சுற்று சுற்றினாலும் இரண்டு கையும் சேர்ந்துதான் நசுங்கும்.

கைப்பிடி நின்றது. அந்தப் பெரிய உடம்பு வைஸின் மேல் கவிழ்ந்து குலுங்கியது.

“அவகிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா சொல்லுவேன்?”

“இதே மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். நான் பக்கத்துல நிக்கறேன்.” எலக்ட்ரீஷியன் இடது கையால் கைப்பிடியைத் தளர்த்தினார். “முதல்ல ஷட்டரைத் தூக்குங்க. என் வண்டிச் சாவி ஆணியில தொங்குது. எனக்குக் கட்டு, மாப்ளைக்குத் தையல், எல்லாமே உங்க தங்கச்சி இருக்கற ஆஸ்பத்திரிதானே. நீங்கதான் ஓட்டணும்.”

“இவன் ஓட்ற வண்டியில நான் ஏற மாட்டேன்” என்றான் மச்சினன், நெற்றியைத் துணியால் அழுத்தியபடி.

“பின் சீட்டுல ஏறுடா. தலை சுத்தினா படுத்துக்கலாம்.”

மரவாடிக்காரர் ஷட்டரைத் தூக்கினார். பிறகு திரும்பி வந்து, மச்சினனுடைய தோளைத் தாங்கி எழுப்பினார். அவன் கையைத் தட்டிவிடவில்லை.