கூட்டம் கலையும் முன்

நிழல்தான் முதலில் வருகிறது, கரிசல் தரையில் மெலிந்து நீண்ட கைகளை விரித்துக்கொண்டு, உடைமரங்களின் மேல் ஏறி இறங்கி, கரும்புச்சாறு வண்டியைத் தடவி, நகராட்சித் தலைவரின் பந்தலைத் தாண்டி, மைக்கைப் பிடித்திருக்கும் என் முகத்தில் ஒரு கணம் குளிர்ந்துவிட்டுப் போகிறது, நான் சொல்லிக்கொண்டிருந்த சொல் பாதியில் நிற்கிறது, என்ன சொல் என்று இன்றுவரை நினைவில்லை, ஜவுளிக்கடைக்கும் கோயில் கொடைக்கும் எல்லாக் கட்சிக்கும் ஆட்டோவில் உட்கார்ந்து கத்தியே வயிறு வளர்த்தவன் நான், எனக்குச் சொல் நிற்பதாவது, அண்ணாந்து பார்த்தால் குற்றாலிங்கம் சாரின் கிளைடர் சத்தமே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது, போய்க்கொண்டே இருந்தது.

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிற மனிதர், வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையில் இந்த எஞ்சின் இல்லாத பிளேனை வைத்து ஒரு கிளப் நடத்தினார், அதில் பறந்தவர்கள் ஒருவர் துபாய்க்கும் ஒருவர் கல்யாணத்துக்கும் ஒருவர் முட்டிவலிக்குமாகக் கழன்றுகொள்ள, கடைசியில் சாரும் பிளேனும்தான் மிச்சம், அதைக் கொடுத்திருந்த அரசாங்க மேலிடம் பங்குனி முடிவதற்குள் ஆள் சேராவிட்டால் பெட்டியில் போட்டு வடக்கே அனுப்பிவிடுவோம் என்றது, அதனால்தான் அவர் என்னைத் தேடி வந்தார், ஆள் சேர்க்கணும் அண்ணாச்சி, உங்க தொண்டைதான் வேணும். பஸ் ஸ்டாண்டில் பிளேனை நிறுத்தினோம், யாரோ மாலை போட்டுவிட்டு எந்தக் கட்சிச் சின்னம் என்று கேட்டார்கள், சின்னம் இல்லை என்று நான் மைக்கில் விளக்க விளக்க, அப்போ சுயேச்சையா என்றார்கள். மாட்டுச் சந்தையில் நிறுத்தினோம், ஒரு காளை இறக்கையில் கழுத்தைச் சொறிந்துகொண்டது, தரகர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு அதைச் சுற்றி வந்து, வால் நல்லாத்தான் இருக்கு, எஞ்சின் எங்க என்றார், எஞ்சின் கிடையாது அண்ணாச்சி, காத்துதான் என்றேன், காத்து நின்னுட்டா என்றார், சார் பின்னாலிருந்து என்னிடம், அதுக்குத்தானே உங்களைக் கூட்டியாந்திருக்கேன், நீங்க ஊதுங்க என்றார், சந்தையே சிரித்தது, ஆள் மட்டும் ஒருவரும் சேரவில்லை.

ஆகவே பறந்தே காட்டிவிடுவது என்று முடிவானது, பிளேனில் மாட்டிய கம்பிவடத்தை லாரி எஞ்சின் சுருட்டி இழுக்கும், சார் பட்டம் மாதிரி மேலே போவார், வடத்தை விடுவார், ஊரை ஒரு சுற்று சுற்றிப் பந்தல் முன்னால் இறங்கிக் கும்பிடு போடுவார், அந்தச் சூட்டோடு ஆள் சேர்த்துவிட வேண்டும், இதுதான் ஏற்பாடு, அந்தச் சுற்றுக்குத்தான் நானும் பேச்சு வைத்திருந்தேன். சுற்று முடிந்தது, பேச்சும் முடிந்தது, அவர் இறங்கவில்லை. நகராட்சித் தலைவர் வாட்சைப் பார்க்கிறார், பிறகு காரைப் பார்க்கிறார், பிறகு கார் கிளப்பிய புழுதியை நான் பார்க்கிறேன், வழியை மறித்து நிற்கும் டிராக்டரை எடுக்கச் சொல்லி அறிவிக்கிறேன், தொலையாத பிள்ளை ஒன்றைத் தொலைந்ததாக அறிவிக்கிறேன், வாய் தன் பாட்டுக்கு ஆடித் தள்ளுபடி என்கிறது, பங்குனி வெயிலில் ஆடியா என்று ஒரு கிழவர் எழுந்து போகிறார், அவர் பின்னால் ஒரு வரிசையே எழுகிறது, ஆள் காத்தோட போயிட்டாருலே என்று யாரோ சொல்கிறார்கள்.

அப்போது சாரின் வீட்டம்மா சண்முகவடிவு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார், கையில் எனக்கு ஒரு செம்புத் தண்ணீர், கண் மட்டும் மேலே, பருந்து சுத்துது பாத்தீங்களா, அதுக கூடச் சேந்துட்டாரு, தரைச் சூட்டுல காத்து மேல ஏறுற வரைக்கும் இறங்க மாட்டாரு என்றார், நான் கொஞ்சம் கோபமாகவே, கூட்டம் போகுதும்மா, பிறகு ஆளை எங்க சேர்க்க என்றேன், அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் தூக்கத்தில் வரும், இதுதான் கடைசித் தடவை, வடிவுன்னு காலையில சட்டைக்குப் பித்தான் போடும்போது சொன்னாரு அண்ணாச்சி, யாரும் சேரப்போறதில்லன்னு அவருக்குத் தெரியும், சேந்தாச் சேருதாங்க, சேராட்டிப் போறாங்க, அவரு இறங்கும்போது வெறும் தரையா இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான், நீங்க பேச்சை விட்டுராதீங்க.

நானும் பேசினேன், என்னிடம் இருந்த அத்தனை பேச்சையும், சோப்பு, சேலை, சர்க்கஸ், கொடை விழா, ஓட்டு, எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தேன், வெயில் சாய்ந்தது, தொண்டை மணலாகியது, கடைசியில் செம்பும் காலி நானும் காலி, பெரியோர்களே, எனக்கு இதுக்கு மேல பேசத் தெரியல, அவருக்கு இறங்க மனசில்ல, நீங்களே பாத்துக்கோங்க என்று சொல்லி மைக்கை அணைத்தேன். தொழிலில் அப்படிச் செய்ததே கிடையாது. அணைத்ததும் வந்த அமைதி இருக்கிறதே, தண்ணீருக்குள் முங்கினது மாதிரி, போய்க்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஆகிவிட்டது என்று திரும்பினார்கள், திரும்பியவர்கள் அண்ணாந்தார்கள், பருந்துகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று சாய்ந்து சாய்ந்து சுற்றியது, எஞ்சின் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, பிறகு மெல்லிசாக ஒரு சீழ்க்கை, இறக்கையில் காற்று கிழிபடுகிற சத்தம், அது கேட்கக் கேட்கப் பெரிதாகி, சார் இறங்கினார், கண்ணாடி மூடியைத் திறந்து, பந்தல் கயிறு வரைக்கும் நின்றிருந்த முகங்களைப் பார்த்தார், இன்னும் போகலையா நீங்கள்லாம் என்று மட்டும் கேட்டார்.

கரும்புச்சாறுக்காரர் சேர்ந்தார், ஆஸ்பத்திரி நர்ஸம்மா இருவர் சேர்ந்தார்கள், மாட்டுத் தரகர் விலை பேசுகிற மாதிரி துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டே சேர்ந்தார், தலை குறையுமோ என்று பார்த்தால் சண்முகவடிவு அம்மா என் பெயரையும் சொல்லித் தன் பெயரையும் சொன்னார், மேலிடத்துக்கு அது போதும் என்றானது, பெட்டி வரவில்லை. ஆனால் இதெல்லாம் நடந்ததா, இல்லை இன்று கிளைடரின் இந்த முன்சீட்டில் என்னை வார் போட்டு இறுகக் கட்டியிருக்கிற மயக்கத்தில் தோன்றுகிறதா, வடம் கழன்றதும் எல்லாச் சத்தமும் கீழேயே நின்றுவிட்டது, பருந்து ஒன்று என் தோளுயரத்தில் மிதந்து என்னை யார் என்று பார்க்கிறது, பின்சீட்டிலிருந்து சார், என்ன அண்ணாச்சி, மைக் ஆஃப் ஆயிட்டோ என்கிறார், நான் குனிந்து பார்க்கிறேன், கீழே எங்கள் நிழல் விரித்த கைகளோடு உடைமரங்களின் மேல் ஏறி இறங்குகிறது, புதுப் பந்தல், புதுக் கூட்டம், மைக்கைப் பிடித்துக்கொண்டு சண்முகவடிவு அம்மா, நிழல் அவர் முகத்தைத் தொடுகிறது, அவர் அண்ணாந்து பார்க்கிறார், சொல்லிக்கொண்டிருந்த சொல் பாதியில் நிற்கிறது.