லைனில் யாரும் பேசவில்லை

“கேள்விதானே கேட்டேன், இதுல என்ன—”

“கேள்வியா அது? இன்னும் ஒரு வாரம் லீவு போட்டுட்டு வரலாமேன்னு யோசிச்சியான்னா, அதுக்குப் பேரு கேள்வியா அண்ணி? நீங்க முடிவு பண்ணிட்டு வந்து—”

“சரி விடு, அப்ப ஷிஃப்ட் மாத்திக்கிட்டா—”

“பாத்தீங்களா, மறுபடியும்.”

ஓரமாக உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் கையை உயர்த்தினார். இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் மாடியில் இருந்தது பயிற்சி அறை. கீழே போன்கள் அடிப்பது தரை வழியாக லேசாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அண்ணி அங்கே ரொம்ப வருஷ அனுபவசாலி. ஹெட்செட்டை மாட்டினால் ஓயாமல் பேசுவாள் என்பதால் மையத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். இப்போது சக ஊழியர்களின் மனச்சுமையைக் கேட்டு வழி தேட உதவும் கோச் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாள். இன்று கடைசி அமர்வு. கற்பனைக் கவலை செல்லாது, நிஜமான சிக்கலோடு ஒருவர் எதிரே உட்கார வேண்டும் என்பது பயிற்சியின் சட்டம். நானே உட்காருகிறேன் என்று வந்தவள் நாத்தனார்.

அவளும் அதே மையம்தான். அண்ணிதான் சேர்த்துவிட்டு வேலையும் கற்றுக்கொடுத்தாள். ஒரு அழைப்பில் ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் ஒரு மனிதர் இறந்துபோனார். விசாரணையில் நாத்தனார் மேல் தப்பில்லை என்று வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் போனைத் தொடவில்லை. இருக்கிறாயா, போகிறாயா, இன்று சாயங்காலத்துக்குள் சொல் என்று மேலாளர் கேட்டிருந்தார். காலையில் செருப்பை மாட்டும்போதே அண்ணியிடம் அவள் புருஷன் கறாராகச் சொல்லியிருந்தான். ஊருக்கெல்லாம் வழி காட்டப் போகிறவள் என் தங்கச்சியை வேலையில் தங்கவைத்துவிட்டு வீட்டுக்கு வா என்று.

அறிவுரைக்கு வால் ஒட்டினால் அது கேள்வி ஆகிவிடாது என்றார் பயிற்சியாளர். வகுப்பில் அவரை மௌனச்சாமி என்றுதான் கிண்டல் செய்வார்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு வாயைத் திறக்காதீர்கள், திறந்தால் அமர்வை இங்கேயே நிறுத்திவிடுவேன் என்று குரலை ஏற்றாமல் சொன்னார்.

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே ஒரு போன் அடித்து நின்றது. அண்ணியின் தொழிலில் எதிர்முனை அடங்கிப்போனால் அங்கே யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவள் கை தானாகக் காதுக்குப் போனது, அங்கே இல்லாத மைக்கைத் தேடி.

“லைன்ல இருக்கியா?”

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. நாத்தனார் சட்டென்று திரும்பினாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்துவிட்டு ஓடியது. பயிற்சியாளர் அமர்வை நிறுத்தவில்லை.

“இங்க லைன் இல்லம்மா. எதிர்ல உக்காந்திருக்காங்க. பாருங்க.”

அண்ணி பார்த்தாள். வருஷக்கணக்காக ஒரே வீட்டில் புழங்குகிற முகம். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுத்திருப்பது இன்றுதான் தெரிந்தது. அமைதியான நேரத்தை எல்லாம் இவ்வளவு காலமும் தன் குரலால் அடைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. சொல்வதற்கு நாலைந்து நல்ல வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன. அத்தனையையும் பல்லுக்குப் பின்னால் பிடித்துவைத்தாள்.

நாத்தனார் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள்.

விசாரணைக்குப் பிறகு அந்த அழைப்பின் பதிவை வாங்கிக் கேட்டாளாம். பேசியவள் இறந்தவரின் மனைவி. மார்பை அழுத்துங்கள், பயப்படாதீர்கள், வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று இவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதற்கு அடியில் அந்த அம்மாள் ஏதோ சொல்கிறாள். திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டபோதுதான் புரிந்ததாம்: பின்பக்கப் படி வழியாக வரச் சொல்லுங்கள். வண்டியில் வந்தவர்கள் முன்கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

“விசாரணைல நான் பேசினது எல்லாம் சரின்னுதான் எழுதியிருக்காங்க. ஒரு வார்த்தை விடலையாம். அவங்க சொன்னதை யாருமே கேக்கலை அண்ணி. நானும் கேக்கலை.” குரல் இறங்கியது. “ஒரு நொடிகூட சும்மா இருக்காதே, பேச்சுதான் அவங்க பிடிச்சுக்கிற கயிறுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

பயிற்சியாளரின் பேனா நின்றுவிட்டது. உன் தப்பில்லை, விதிமுறையே அப்படித்தான், யாராக இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள் என்று அண்ணியின் வாயில் எல்லாம் தயாராக வந்து முட்டியது. வேலையை விட்டு அவளைப் போகவிடக்கூடாது என்பதும் கூடவே முட்டியது. அண்ணி இரண்டு கைகளையும் முழங்காலில் அழுத்திக்கொண்டாள். கேட்கப்போகும் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்படி ஒரு கேள்வியை அவள் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

“நான் சொல்லிக்கொடுத்ததுல எதையெல்லாம் நீ விட்டுடணும்?”