லூர்துராஜின் மூன்றாவது பட்டை

சேலம் ஜங்ஷனில் இறங்கிய லூர்துராஜ் டீ கூடக் குடிக்கவில்லை. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, பட்டாளச் சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, சவர பிளேடால் வலது கையிலிருந்த மூன்று பட்டையைப் பிரித்தெடுத்தான். அந்த இடத்தில் பழைய இரண்டு பட்டையை வைத்துத் தைத்தான். நான்கு நாள் ரயிலில் ஹவில்தாராக வந்தவன், ஏற்காடு பஸ்ஸில் ஒரு படி கீழே, நாயக்காக ஏறினான். தன் பதவியைத் தானே பிடுங்கிக்கொண்ட மகராசன் பட்டாளத்தில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

அந்த மூன்றாவது பட்டை சும்மா வந்ததல்ல. மிஷன் பள்ளியில் ஏழாவதோடு நின்றவன், இந்தியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பரீட்சை தேறினான். சுளுக்கிய காலோடு மூட்டை சுமந்து பத்து மைல் ஓடினான். எல்லாம் சரி, வரைபடம் பார்க்கிற பரீட்சையில்தான் மாட்டிக்கொண்டான். மலையில் பிறந்தவனுக்கு வடக்கு தெற்கு எதற்கு? மேட்டில் ஏறினால் கடைவீதி, பள்ளத்தில் இறங்கினால் ஓடை. அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு ராஜஸ்தான் மணலில் மேடு பள்ளம் பார்த்தே பத்துப் பேரை நடத்தினான். காலையில் பார்த்த மேட்டை மத்தியானம் காற்று கலைத்துவிட்டது. ஒட்டகத்தில் வந்த ஒரு கிழவர் அவர்களைக் கூட்டிவந்து முகாமில் சேர்த்தார். ஒரு வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மறுவருஷம் எழுதித் தேறினான். ஒன்பது வருஷம் "ஏ மதராஸி" என்று கூப்பிட்ட வாய்கள் "ஹவில்தார் சாப்" என்றபோது காது கேளாதவன் போல இன்னொரு தரம் கூப்பிட வைத்தான். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஆனால் பதவி வேண்டுமென்றால் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். முதல் பத்து வருஷம் வருகிற ஜூன் மாதத்தோடு முடிகிறது. முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுவதாக மனைவி ஞானசுந்தரிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்தவன்தான் போன ஜூலையில் கையெழுத்தும் போட்டான். கடிதத்தில் எழுதக் கை வரவில்லை, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் தள்ளினான்.

ஊரான கொட்டச்சேட்டில் இறங்கியபோது ஞானசுந்தரி காப்பிப் பழம் எடுத்துவிட்டுக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நொம்ப எளைச்சுட்டீங்க," என்றாள். நடந்துகொண்டே அடுத்த செய்தியைச் சொன்னாள். "ரைட்டருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறனுங்க. ஜூனுக்கு மேல உங்களுக்கு எஸ்டேட்டுல காவல் வேலையாம். இனி எங்கயும் போகவேண்டாமுங்க."

"ம்" என்றான். பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற வாயிலிருந்து அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

அப்புறம் தூங்கினான். நான்கு நாள் ரயில் அசதி என்று அவள் நினைத்தாள். பத்து வருஷ அசதி அது. விழித்தால் சொல்ல வேண்டியிருக்கும் என்று மறுபடியும் போர்வையை இழுத்துக்கொண்டான். சாயங்காலம் சொல்லலாம், சாப்பிட்டதும் சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியார் திருவிழா. அவரும் பட்டாளத்துக்காரர் என்பதால், லீவில் வந்திருக்கிற சிப்பாய்தான் சட்டையும் பூட்சுமாகச் சப்பரத்தின் முன்கொம்பைத் தோளில் வைக்க வேண்டும். அதற்காக ஞானசுந்தரி சனிக்கிழமை சட்டையைத் துவைத்தாள். ராஜஸ்தான் வெயிலில் பச்சை வெளுத்துப்போன சட்டை. இரண்டு பட்டைக்குக் கீழே மட்டும், மூன்றாவது ஒன்று இருந்த இடம், புதுத் துணி போல வெளுக்காமல் கிடந்தது. பட்டையை ஞாபகமாக மாற்றியவன் துணியை மறந்துவிட்டான். அவளோ இலை மறைவில் ஒரு பழம் நின்றாலும் விடாதவள்.

அந்த இடத்தை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். கஞ்சி போட்டு, பெட்டி போட்டுக் கொடுத்தாள். அவன் சப்பரம் தூக்கினான். ஊரே பார்த்தது, அவள் மட்டும் அவன் வலது கையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஹவில்தாரு ஆயி எத்தன மாசமாச்சுங்க?"

லூர்துராஜ் அவளை நிமிர்ந்து பார்க்காமல், "ஆறு," என்றான்.

"பட்டாளத்துல சும்மாவா பதவி குடுப்பாங்க? அதுக்கு எத்தன வருசம் எழுதிக் குடுத்தீங்க?"

"அஞ்சு."

"திருப்பி வாங்கிக்க முடியுமுங்களா?"

"முடியாது சுந்தரி."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான், அது அவனுக்குப் பழக்கம். அவள் இன்னொன்று கேட்டாள்.

"கையெழுத்துப் போடறப்ப என்ற நெனப்பு வந்துச்சுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை.

"வரல. எல்லாரு முன்னாடியும் என் பேரைக் கூப்புட்டாங்க. வேற ஒண்ணும் ஞாபகத்துல இல்ல."

"நெசத்தச் சொன்னீங்களே, அது போதுமுங்க." அவள் காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். இருபத்தெட்டு வயதுக்காரிக்கு இருக்கக்கூடாத வலி அது. "கண்ணாலமாயி ஆறு வருசம். வருசத்துக்கு ரெண்டு மாசம்னு நாம சேந்து இருந்தது ஒரே ஒரு வருசமுங்க. மத்த அஞ்சு வருசம் நானும் மழையிலயும் அட்டைக்கடியிலயும் பழம் எடுத்தேன். என் பேரை யாரும் கூப்புடல."

லூர்துராஜுக்கு வெட்கமாக இருந்தது. போட்ட கையெழுத்தைவிட, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பிளேடால் பட்டையைப் பிரித்தது அதிகமாக உறுத்தியது.

"இன்னும் அஞ்சு வருசந்தான். காவல் வேலையை வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லிட்டு வந்தயா?" என்றான்.

"அதச் சொன்னனுங்க. அதோட செக்ரோல்ல என்ற பேரையும் வெட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அவனுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. எஸ்டேட் வேலையாட்களின் பட்டியலான செக்ரோலில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் எஸ்டேட் லயனில் வீடு. பேர் போனால் வீடும் போகும். அவளுக்குத் தாய்வீடு இல்லை, அவன் பக்கத்திலும் போய் இருக்க ஒருவரும் இல்லை.

"அப்ப ஊடு?"

"சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணோணுமுங்க."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? அங்க குவார்ட்டர்ஸ் கெடைக்க ரெண்டு வருசமாகும். ஜோத்பூர்ல உன்னை எங்க கொண்டுபோய் வெப்பேன்? அந்த வெயிலு உனக்குத் தாங்காது. பாஷை தெரியாது."

"தெரியாதுங்க," என்று ஒப்புக்கொண்டாள். "உங்களுக்கும் தெரியாமத்தான் போனீங்க."

அவன் எழுந்து வாசல் வரைக்கும் போனான், திரும்பி வந்தான். ரைட்டரிடம் போய்க் கெஞ்சினால் பேரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார். அதற்கு அவள் வர மாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அவன் வாங்கிய பதவி பத்து ஆண்களை நடத்தத்தான், இவளை நடத்த எந்தப் பரீட்சையும் எழுதவில்லை.

ஞானசுந்தரி பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"நீங்க என்னக் கேக்காம கையெழுத்துப் போட்டீங்க. நானும் உங்களக் கேக்காமத்தான் பேரை வெட்டிட்டு வந்தனுங்க," என்றாள். "ரெண்டு டிக்கெட்டா எடுங்க."