ஆறாவது ஆள்

சரணாலயத்துக்குள் ஒரு ஜீப்பில் ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது. அந்த விதியைக் காக்கவே சம்பளம் வாங்கும் வனக்காவலர், விடுமுறை நாளில் குடும்பத்தோடு வந்தார். எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்.

“மச்சான், நீ பின்னாடி படுத்துக்க. தார்பாயைப் போத்திடறேன். திரும்பி வரும்போதும் இதே கதைதான். நான் தட்டுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

“சும்மா படுத்திருக்கணும், அவ்வளவுதானே அத்தான்? ஆபீஸ்ல தினமும் அதைத்தானே செய்யறேன்.”

காவலரின் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாசலில் வாட்ச்மேன் ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணினான். மாமனார், மாமியார், மனைவி, மகள், காவலர். ஐந்து. கம்பி உயர்ந்தது.

உள்ளே போனதும் மச்சானையும் தட்டி எழுப்பிக்கொண்டு, கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி மான்கள் பார்த்தார்கள். “பின்பக்கத் தண்ணித் தொட்டிக்கு மட்டும் யாரும் போயிடாதீங்க. குட்டி போட்ட கரடி ஒண்ணு நாலு நாளா அங்கேயே சுத்துது” என்று காவலர் எச்சரித்தார்.

ஐந்து மணிக்கு வாசல் மூடிவிடும். நாலே முக்காலுக்கே எல்லோரையும் விரட்டினார்.

“உன் தம்பி எங்கே?”

“அவன் அப்பவே இறங்கிப் போயிட்டான். படுத்திருப்பான்.”

தார்பாய் மேடாகத்தான் இருந்தது. வழியில் மாமியார், “பாவம், புள்ளைக்கு மூச்சு முட்டும்” என்றார்.

“பேச்சுக் குடுக்காதீங்க அத்தை. வாசல் வந்தாச்சு.”

வாட்ச்மேன் எண்ணினான். ஐந்து. “கணக்கு சரிண்ணே, போங்க.”

திருப்பம் தாண்டி வண்டியை நிறுத்திய காவலர் பின்பக்கம் தட்டினார். தார்பாயை இழுத்தார். உபரி டயரும் சாப்பாட்டுக் கூடையும்தான் இருந்தன.

மனைவியின் முகம் வெளுத்தது. “உடனே வாசல்ல சொல்லுங்க. வயர்லெஸ்ல ஆள் அனுப்புவாங்க.”

“சொன்னா என் வேலை போயிடும். வாட்ச்மேன் இப்ப டீ குடிக்கப் போவான். நானே உள்ளே போய்க் கூட்டிட்டு வந்துடறேன். பத்தே நிமிஷம்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் திருப்பத்திலிருந்து வாசலை எட்டி எட்டிப் பார்த்தார்; வாட்ச்மேன் நகர்வதாக இல்லை. பத்து நிமிடம் இருபதானது. அதற்கு மேல் தாங்காமல் அவள் வாசலுக்கு ஓடினாள்.

“என் தம்பி உள்ளே இருக்கான்ப்பா.”

“என்னக்கா விளையாடறீங்க? அஞ்சு பேர் போனீங்க, அஞ்சு பேர் வந்தீங்க. நான்தானே எண்ணினேன்.”

அவனை நம்ப வைப்பதற்குள் இன்னும் மூன்று நிமிடம் போனது.

வயர்லெஸ் செய்தி கேட்டு ரேஞ்சர் ஆட்களோடு வந்து தேடினார். தம்பி தொட்டிக்குப் பின்னால் கிடந்தான், உடம்பெல்லாம் கரடியின் நகக் கீறல்களோடு. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்த ரேஞ்சர் தலையை ஆட்டினார். “உடம்பு இன்னும் சூடு ஆறலை. கொஞ்சம் முன்னாடிதான் உயிர் போயிருக்கு.”

பிறகு காவலரிடம் திரும்பினார். “இந்த ஆள் எப்படிய்யா உள்ளே வந்தான்?”

“தெரியலை சார்” என்றார் காவலர், தரையைப் பார்த்தபடி. “எங்கேயாவது வேலி தாண்டி...”

தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தவள் நிமிர்ந்தாள். அவள் குரலில் அழுகை இல்லை.

“எங்க வண்டியிலதான் சார் வந்தான். இவர்தான் ஒளிச்சுக் கூட்டிட்டு வந்தார். காணோம்னு தெரிஞ்சும் இருபது நிமிஷம் வெளியே நின்னோம். நானும்தான் நின்னேன்.”