வெளியே தெரியாத வயர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல; கூப்பிட்டுக் கையில் கொடுக்கப்பட்டது.

"மச்சான், சும்மாதானே இருக்கே? வந்து டார்ச் பிடி" என்றார் அத்தான். அக்காவின் கணவர், லாரி ஓட்டுகிறவர். நான் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர்தான் சும்மா இருப்பது.

லாரிக்குப் பின்னால் கேமரா மாட்டி, அதன் வயரை வெளியே தெரியாமல் ஒளிக்க வேண்டும். டார்ச்சைப் பிடித்தபடியே முதல் வரியை மனதில் எழுதினேன்:

கடந்து வந்த பாதையை மனிதன் திரும்பிப் பார்க்கும் கணத்தில்தான் காலம் தன் முகத்திரையை—

"என் மூஞ்சியில எதுக்கு அடிக்கறே? வயர்ல அடி!"

வரி அங்கேயே நின்றது. முகத்திரையைக் காலம் என்ன செய்திருக்கும் என்பது எனக்கும் தெரியாது.

2

(இங்கே அத்தானைப் பற்றி ஒரு சித்திரம் வர வேண்டும். 'உழைப்பின் உருவம்' என்று எழுதி அடித்துவிட்டேன். கதைகளில் வரும் லாரிக்காரர்கள் எல்லாரும் உழைப்பின் உருவங்கள். இவர் சாப்பிட்டதும் குறட்டை விடுவார்.)

அவருக்குப் பாதையும் காலமும் பிரச்சினை இல்லை. கிடங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டார் என்று ஏற்கெனவே இரண்டு புகார். இரண்டிலும் தன் தப்பில்லை என்பது அவர் கட்சி. "இன்னொரு தடவை சத்தம் கேட்டா, சாவியை வெச்சிட்டுப் போயிட்டே இரு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் கேமரா.

அதைப் பின்கதவுக்கு மேல் திருகினார். வயரை லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஓரமாகக் கொண்டுவந்து, கேபினின் பின்பக்கம் ஏற்றி, மிதியடிக்கு அடியில் நுழைத்து, முன்னால் இருக்கும், படத்தைப் பதிவும் செய்யும் திரையில் சேர்த்தார். எங்கும் தொய்வே கிடையாது. நரம்பு மாதிரி இழுத்துக் கட்டினார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "வயரையே காணோம்?"

"அதான்டி வேலை!"

"வீட்டுல கட்டின துணிக்கொடி மட்டும் தரையைத் தொடுது."

3

இந்த வகை லாரியில் இன்ஜின் கேபினுக்கு அடியில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் கேபினையே முன்பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். மறுநாள் காலை அத்தான் வழக்கம்போலக் கவிழ்த்தார். கேபின் குனிந்தது. எங்கோ 'டப்' என்றது.

கேபின் சேஸிஸைவிட்டு எழும்பும் இடத்தில் வயர் கொஞ்சம் தொங்கத்தான் வேண்டும். காலமெல்லாம் கேபின் கவிழ்த்த மனிதர், அழகில் மயங்கி அதை மறந்துவிட்டார்.*

"எங்க அறுந்துச்சு, அத்தான்?"

"ஒளிச்சு வெச்சவன்கிட்டயா கேக்கறே?"

பிரித்துத் தேட நேரமில்லை. இருண்ட திரையோடு கிடங்குக்குக் கிளம்பினோம். கதைக்காக நானும் ஏறிக்கொண்டேன்.

*விமர்சக நண்பர் ஒருவர், அறுந்த வயர் எதன் குறியீடு என்று கேட்டார். வயரின் குறியீடு.

4

கிடங்கு வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த வேன் இடித்தது. சத்தியமாக லாரி நகரவில்லை. ஆனால் மச்சான் சொல்லும் சாட்சி எந்தச் சபையில் ஏறும்?

"ரிவர்ஸ்ல வந்து இடிச்சிட்டான் சார்!" என்று வேன்காரர் கத்தினார். மேலாளர் சாவிக்காகக் கையையே நீட்டிவிட்டார்.

அத்தான் நிதானமாக இறங்கினார். மேலே விரலைக் காட்டினார்.

"எல்லாம் அதுல இருக்கு சார். வாங்க, போட்டுப் பார்த்துடலாம்."

வேன்காரர் அப்போதுதான் கேமராவைப் பார்த்தார். அறுந்தது எதுவும் கண்ணில் பட வழியில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

முடிவு ஒன்று: வேன்காரர், "விடுங்க சார், சின்னக் கீறல்தானே" என்று

முடிவு இரண்டு: மேலாளர் கேபினில் ஏறித் திரையைத் தட்டி, "என்னய்யா, இருட்டா

இரண்டையும் முடிக்காமல் அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன்.

"மூணாவது பகுதியைத் தூக்கிடு" என்றார்.

"அது இல்லேன்னா கதையே இல்லை, அத்தான்."

"அது இருந்தா வேலையே இல்லடா. அந்த வேன்காரன் படிச்சான்னா?"

"என் கதையை யார் படிக்கப் போறா?"

அத்தான் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆக, மூன்றாவது பகுதி அப்படியே இருக்கிறது. நீங்களும் படித்துவிட்டீர்கள். இனி அத்தான் வேலை உங்கள் வாயில்.

அதிருக்கட்டும், நீங்கள் என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?