பல்டி அடித்த பச்சை

சாயப்பட்டறையில் எல்லோரும் அவரை ஷேடு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் வீட்டிலும் அதே பெயர்தான். வெள்ளைத் துணி தொட்டிக்குள் போய் நிறத்தோடு வெளியே வந்ததும், அது வாங்குகிறவர் கேட்ட நிறம்தானா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. சும்மா பார்க்கிறதுக்கு ஒரு வேலையா என்று நினைப்பவர்கள் அந்த மேசைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெள்ளை. அவரைக் கேட்டால் பதினோரு வெள்ளை சொல்வார், ஒவ்வொன்றும் எந்தத் தண்ணீரில் நனைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

இந்த மனிதருக்கு இரண்டே பைத்தியம். ஒன்று நிறம். இன்னொன்று கால்பந்து, அதிலும் பச்சை அணி. ஷிஃப்ட் முடிந்து வந்து கைகால் கழுவியதும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால், ராத்திரி ஆட்டம் முடிகிறவரை அவரை அசைக்க ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. மைதானம் இருக்கிற நகரம் ரயிலில் ஏழு மணி நேரம். போகலாம், அடுத்த சீசன் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது.

அப்படிப்பட்டவர் இந்தக் கோடையில் திடீரென்று கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் அவர் சரி என்று அனுப்பிய துணி திரும்பி வந்தது. கோடைக்கான அரைக்கைச் சட்டைகள், ஆயிரத்து எழுநூறு. காலர் ஒரு நீலம், உடம்பு இன்னொரு நீலம். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மேனேஜர் சட்டையை மேசைமேல் விரித்துப் போட்டு, "மாஸ்டர், நீங்களா இதைப் பாஸ் பண்ணீங்க?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஆளின் குரலில் இருந்த பரிதாபம்தான் மாஸ்டரைக் கொன்றது. வருகிற திங்கட்கிழமை கண் சோதனை என்று முடிவாயிற்று. எண்பது நிறக்கட்டைகளைக் கலைத்துப் போடுவார்கள், வரிசையாக அடுக்க வேண்டும். தவறினால் பேக்கிங் பிரிவுக்குப் போய்ச் சட்டை மடிக்க வேண்டியதுதான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் அந்தத் துணியை அனுப்பியிருந்தார். அன்றைக்கு இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. அப்படியானால் கண் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? முழுசாகப் போவதற்கு முன்னால் அந்தப் பச்சையை ஒரே ஒரு தடவை, கண்ணாடித் திரை குறுக்கே இல்லாமல் பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். அவ்வளவுதான், டிக்கெட் எடுத்துவிட்டார்.

துணைக்கு மச்சினன். மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், வாய் மூடாத ஆள். ரயில் நிலையத்துக்கு அவன் வந்து நின்ற கோலத்தை மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பெரிய பெரிய பூப் போட்ட சட்டை, முழங்காலோடு நின்றுவிட்ட டிரவுசர், சாக்ஸ் இல்லாத கேன்வாஸ் ஷூ, நெற்றிமேல் கூலிங் கிளாஸ்.

"என்ன மாப்ள, பாதி டிரஸ்ஸை வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"மாமா, ரெண்டு நாள் சிட்டிக்குப் போறோம். இப்படித்தான் போகணும். நீங்கதான் கோர்ட்டுக்கு சாட்சி சொல்லப் போற மாதிரி வந்திருக்கீங்க."

மாஸ்டர் சிரித்தார். அவர் பையில் ஒரு ரகசியம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் லாட்ஜ் அறையில் அதை எடுத்து வெளியே போட்டார். இரண்டு லினன் சட்டைகள். அரைக்கை, தொளதொளப்பான உடம்பு, கழுத்தில் விறைப்பில்லாத திறந்த காலர், பக்கவாட்டில் சின்ன வெட்டு. எவ்வளவு கசங்குகிறதோ அவ்வளவு அழகு காட்டுகிற ஜாதி. சாப்பாட்டு இடைவேளைகளில், ஜன்னல் இல்லாத சாம்பிள் அறையில், ஏழு தடவை சாயம் கலந்து பார்த்து அவரே முக்கி எடுத்த பச்சை. எதிரே ஜெர்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷ ஞாபகம்தான் மாதிரி.

"அடேங்கப்பா!" மச்சினன் சட்டையைத் தூக்கி டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தான். "அப்படியே டிவியில பாக்கிற பச்சை மாமா! எப்படிப் பண்ணீங்க?"

"கடையில விக்கிற ஜெர்சி பாலியெஸ்டர். இந்த வெயில்ல வெந்து போயிடுவ. இது காத்தாட இருக்கும், போடு," என்றார் மாஸ்டர், பெருமையை மறைத்துக்கொண்டு. உண்மையில் இந்தச் சட்டைதான் அவர் தனக்கே வைத்துக்கொண்ட சோதனை.

இரண்டு பேரும் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு, தெருவில் இறங்கினார்கள். வெயில் கொளுத்தியது. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் பச்சை ஜெர்சிக் கூட்டம் ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டு நின்றது. மாஸ்டர் அவர்களைப் பார்த்தார். பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

அவர்களுடைய பச்சை, இளம் இலையின் பச்சை. இவர் சட்டை பச்சையே இல்லை. நீலத்தில் முங்கி எழுந்து, பச்சை என்று பொய் சொல்கிற ஏதோ ஒன்று. அன்றைக்கு எதிரணி யார்? நீல அணி.

"மாமா, சட்டை கொஞ்சம்..." என்று மச்சினன் ஆரம்பித்தான்.

"தெரியுது. பேசாம வா."

மைதான வாசலில் நின்ற காவலர் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீல அணி ஆளுங்களுக்கு அந்தப் பக்கம் கேட் சார்," என்று கை காட்டினார். டிக்கெட்டை இரண்டு தடவை படித்த பிறகுதான் உள்ளே விட்டார்.

படிக்கட்டின் பாதியில் மாஸ்டர் நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போனது.

"மாப்ள, என் கண்ணு போச்சுடா."

"என்ன மாமா சொல்றீங்க?"

சுவரோரம் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். திரும்பி வந்த ஆயிரத்து எழுநூறு சட்டை, மேனேஜரின் பரிதாபக் குரல், திங்கட்கிழமை, நிறக்கட்டைகள். மச்சினன், "அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்று தலையாட்டினார். அவன் அவர் கையைப் பிடித்து, மிச்சப் படிகளை ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான்.

மேலே ஒரு சின்ன வாசல். அதைத் தாண்டியதும் மாஸ்டர் மறுபடி நின்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஓர் இடத்தை எந்த டிவியும் காட்டாது. திரையில் உள்ளங்கை அகலத்தில் பார்த்த புல் இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்தது. ஈரமான புல், வெட்டிய வாசனையோடு. ஒரு பட்டை வெளிறியது, ஒரு பட்டை அடர்ந்தது. சுற்றிலும் நாலு மலையாக மனிதர்கள். நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஆட்டம் தொடங்கி, பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போனபோது அந்தச் சத்தம் அவர் காலடியில் இருந்த சிமெண்டு வழியாக ஏறி முதுகுக்கு வந்தது. "ஐயோ, ஐயோ," என்று தன்னை அறியாமல் சொல்லிக்கொண்டார். கண் போனாலும் பரவாயில்லை, இதைப் பார்த்தாயிற்று என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே தோன்றியது.

அந்த ஒரு நிமிஷம்தான். பின் வரிசையில், கன்னம் இரண்டிலும் பச்சைக்கோடு இழுத்துக்கொண்ட பெரிய உடம்புக்கார அம்மா ஒருவர் முதுகில் தட்டினார். "என்ன சார், எங்க நடுவுல உக்காந்து வேவு பாக்கிறீங்களா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சினன் பதிலுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தான். மாஸ்டர் சட்டைக் கையை உள்பக்கம் மடித்துவிட்டுக்கொண்டார். நாலா பக்கமும் சரியான பச்சை, நடுவில் இவர் முக்கி எடுத்த தப்பு. இடைவேளை வரை கோல் விழவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெயில் மேற்குப் பக்கப் பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் இறங்கியது. மைதானத்தின் நாலு மூலையிலும் உயரக் கோபுரங்களில் விளக்குகள் முணுக் முணுக்கென்று எரிய ஆரம்பித்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வானம் மங்க மங்க, விளக்கின் கை ஓங்கிக்கொண்டே வந்தது.

மச்சினன்தான் முதலில் பார்த்தான். "மாமா."

"என்ன?"

"சட்டையைப் பாருங்க மாமா."

குனிந்து பார்த்தார். மடித்த கையைப் பிரித்துவிட்டுப் பார்த்தார். முன்வரிசைக்காரனின் ஜெர்சித் தோளுக்குப் பக்கத்தில் தன் முழங்கையைக் கொண்டுபோய் ஒட்டி வைத்துப் பார்த்தார். அந்த ஆள் திரும்பி முறைத்தான். முறைக்கட்டும். லினன் எது, ஜெர்சி எது என்று தையலைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. ஒரே பச்சை. நூல் அளவுகூட வித்தியாசம் இல்லாத ஒரே பச்சை.

"பல்டி," என்றார் மாஸ்டர்.

"என்னது?"

"பல்டிடா மாப்ள! பல்டி அடிச்சிருக்குடா!"

பட்டறையில் அதற்கு அதுதான் பெயர். ஒரு விளக்கில் ஜோடி சேருகிற இரண்டு துணி, இன்னொரு விளக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். துணி பல்டி அடிக்குது என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் ராத்திரி ஆட்டம். பச்சை அணியை அவர் வெயிலில் பார்த்ததே கிடையாது. இந்தக் கோபுர விளக்கில் அந்தப் பச்சை எப்படி இருக்குமோ, அதை அப்படியே அச்சு அசலாக நெஞ்சில் வைத்திருந்து, ஜன்னல் இல்லாத அறையில், விளக்கு வெளிச்சத்திலேயே துணியில் இறக்கியிருக்கிறார். தப்பு பண்ணியது வெயில்தான்.

"அப்போ அந்த நீலச் சட்டை?" என்றான் மச்சினன். ஆள் வாயாடிதான், ஆனால் மண்டையில் சரக்கு உண்டு.

மாஸ்டர் அவனையே பார்த்தார். பட்டறையில் நிறம் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு பெட்டி உண்டு. அதற்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். அந்த மாதம் பெட்டி ரிப்பேருக்குப் போயிருந்தது. "மேசைக்கு மேல புதுசா எல்.இ.டி. போட்டாச்சே மாஸ்டர், பட்டப்பகல் மாதிரி இருக்கு, இதுலயே பாருங்க," என்று சொன்னது யார்? அதே மேனேஜர். பார்த்தார். அந்த விளக்கில் காலரும் உடம்பும் ஒன்றாகத்தான் இருந்தன. அவர் கண் அங்கே இருந்ததைத்தான் சொன்னது. ஊர் உலகத்துத் துணியின் பல்டியையெல்லாம் பிடித்த மனுஷன், தன் தலைக்கு வந்ததும் விளக்கைச் சந்தேகப்படாமல் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பயம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும், யாரைச் சொல்லி என்ன.

அந்த நேரம் பார்த்து மைதானம் வெடித்தது.

நாற்பதாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. யாரோ யாரையோ தூக்கினார்கள். பின்வரிசை அம்மா தாவி வந்து மாஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கோல்! சார், கோல்!" என்று அலறினார். பிறகு விலகி நின்று சட்டையைப் பார்த்து, "அட, நம்ம ஆளுதான் நீங்க! நான் என்னமோ நினைச்சேன்," என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"மாப்ள, யாருடா அடிச்சா?"

மச்சினன் திகைத்தான். "பாக்கலையா மாமா? இருபத்திரண்டு வருஷமா இதுக்குத்தானே..."

"சட்டையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. கோல் விழுந்ததற்கு அழுகிறவர்கள் சுற்றி நிறையப் பேர் இருந்ததால் அவரை யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை.

துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிர் மாடம் முழுக்கப் பச்சை, விளக்கில் நனைந்து குதித்துக்கொண்டிருந்தது. இதுவரை அதை நேராகப் பார்க்கவே பயந்திருந்தார். இப்போது பார்த்தார்.

"மாப்ள, அந்தக் கம்பிக்குப் பக்கத்துல நிக்கிறான் பாரு, அவன் சட்டை போன சீசன் துணி. சோப்புல ரொம்ப ஊற வெச்சிருக்காங்க. அவனுக்கு ரெண்டு ஆள் தள்ளி, அது புதுசு, இன்னைக்குத்தான் பிரிச்சிருக்கான். அந்தக் குட்டிப் பொண்ணுது வேற தொட்டி, கொஞ்சம் மஞ்சள் அடிக்குது..."

மச்சினன் அவர் விரல் போகிற திசையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே வித்தியாசம் தெரியலையே மாமா," என்றான்.

"எனக்குத் தெரியுதுடா," என்றார் ஷேடு மாஸ்டர். "எல்லாமே தெரியுது மாப்ள."