ஓம், விட்டிட்டன்

2025 மார்ச் 27, வியாழக்கிழமை காலை, கிளிநொச்சி மாவட்டத்தில் தர்மபுரத்துக்கு அப்பால் உள்ள கொக்கட்டிக்குளத்தின் தண்ணீரைச் சிறுபோகக் கோடை நெல்லுக்குப் பங்கிடும் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. குளத்தில் நின்ற தண்ணீர் பாதி வயல்களுக்கே காணும் என்று முடிவானது. கூட்டத்தின் கடைசியில் சிவகரன் தன் வயலுக்கான தண்ணீரை விட்டுக்கொடுத்தான்.

விட்டுக்கொடுத்தது சிவகரனுக்கே தெரியாது.

அதற்கு முந்தின கிழமைதான் அவன் கிளிநொச்சியில் இயர்பட்ஸ் வாங்கியிருந்தான். ஆசைப்பட்டு வாங்கியதல்ல, மனைவி சுதாஜினியின் கரைச்சல் தாங்காமல் வாங்கியது. அவளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தேத்தண்ணி இடைவேளையில் மட்டும்தான் போனைத் தொடலாம். அந்த நேரம் பார்த்து அவன் யாருடைய வயலிலோ லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மிசினின் பிடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் அதன் பின்னால் நடந்துகொண்டிருப்பான். அந்த மிசின் போடுகிற சத்தத்தில் போன் அடிப்பதென்ன, இடி விழுந்தாலும் தெரியாது.

"உங்களுக்குக் கோல் எடுக்கிறதும் ஒண்டு, கிணத்துக்குள்ள கூப்பிடுறதும் ஒண்டு," என்றாள் சுதாஜினி. "கிணறாவது திருப்பிச் சத்தம் குடுக்கும்."

கடையில் நின்ற சாரங்கா என்ற பிள்ளை நாலைந்து பெட்டிகளை எடுத்துக் கண்ணாடிக்கு மேல் பரப்பினாள்.

"அண்ணை, சத்தம் அடைக்கிறது வேணுமோ, அடைக்காதது வேணுமோ?"

"கேக்கிறதுக்குத்தானே வாங்க வந்தனான். அடைச்சால் என்னெண்டு கேக்கிறது?"

"வெளிச்சத்தத்தை அடைக்கும். போன் சத்தத்தை விடும்."

"மிசின் சத்தம்?"

"அடைக்கும்."

"ஆக்கள் கதைக்கிறது?"

"அதையும் அடைக்கும். வேணுமெண்டால் விடும்."

"ஆருக்கு வேணுமெண்டால்?"

சாரங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்குத்தான் அண்ணை. இடப்பக்கத்தை அமத்திப் பிடிச்சால் வெளிச்சத்தம் உள்ளுக்கு வரும். திரும்ப அமத்தினால் வராது. வலப்பக்கத்தை ரெண்டுதரம் தட்டினால் கோல் எடுக்கும். ஒருக்காத் தட்டினால் பாட்டு நிக்கும்."

"ஒண்டும் தட்டாட்டில்?"

"சும்மா காதுக்குள்ள கிடக்கும்."

நிறத்தில்தான் அவன் கனநேரம் நின்றான். வெள்ளை என்றால் தூரத்தில் வரும்போதே தெரியும், கறுப்பு என்றால் முடியோடு முடியாகப் போய்விடும் என்றாள் அவள். நாற்பதைத் தொடுகிற வயதில் பெடியள் மாதிரிக் காதில் வெள்ளையைச் செருகிக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தான். கறுப்பை வாங்கினான்.

போன் அடித்தால் எடுக்க இரண்டாம் நாளே பழகிவிட்டான். அமத்திப் பிடிக்கிற விளையாட்டுத்தான் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறை அமத்தும்போதும் உள்ளே ஒரு பெண் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். திறக்கும்போதும் பூட்டும்போதும் ஒரே மாதிரித்தான் சொன்னாள். எது திறப்பு, எது பூட்டு என்று அவனால் பிரிக்க முடியவில்லை. மாட்டுக்கு முன்னால் நின்று அமத்திப் பார்த்தான். மாடு வாயைத் திறந்தது. அது கத்தியதா, கொட்டாவி விட்டதா என்று தெரியவில்லை. மற்றப்பக்கம் திரும்பி இன்னொருக்கால் அமத்தினான். வாலாட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. ஆனால் கேட்டது இயர்பட்ஸாலா, இல்லை அது காதிலிருந்து கழன்றிருந்ததாலா என்பதில் சந்தேகம்.

கூட்ட நாளன்று சுதாஜினி விடியவே வேலைக்குப் போய்விட்டாள். மாட்டை அவிழ்த்து மேய விட்டுவிட்டு வரும்படி சொல்லிப் போயிருந்தாள். அவனும் விட்டான். வழியில் ஒருவருக்கு உழவு பேசிவிட்டு, காதில் கிடந்ததைக் கழற்றாமலே மண்டபத்துக்கு வந்தான். வாசலில் வைத்து இடப்பக்கத்தை அமத்தினான். உள்ளே இருந்தவள் ஏதோ சொன்னாள். வெளிச்சத்தம் வரும் என்ற நம்பிக்கையில் போய்ப் பின்வரிசைக் கதிரையில் இருந்தான்.

அவனுக்கு அந்தக் கூட்டம் சின்னக் காரியமல்ல. கார்த்திகை வெள்ளத்தில் மாரிமழைக்கு விதைத்த அவனுடைய காலபோகப் பயிர் முழுக்க அழுகிப்போனது. மிஞ்சியது வீட்டுக்குள் கதிரைகளுக்கு மேல் ஏற்றி வைத்துக் காப்பாற்றிய விதைநெல் மட்டும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால்தான் இந்த வருசம் சொந்த நெல்லை வீட்டில் காணலாம்.

விவசாயிகள் அமைப்பின் தலைவர் சிற்றம்பலம், எந்த வயலுக்குத் தண்ணீர் என்று வாய்க்கால் வாய்க்காலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சிவகரனுக்கு அவருடைய குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. மைக் பிழை என்று நினைத்தான்.

கடைசி வாய்க்காலின் அந்தலையில் இரண்டு வயல்கள். ஒன்று சிவகரனுடையது, மற்றது இரஞ்சிதத்தினுடையது. ஒன்றுக்குத்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. இப்படி வந்தால் திருவுளச்சீட்டுப் போடுவது அங்கே வழமை. சீட்டுப் போட முன்னம், யாராவது தாமாக விடுகிறார்களா என்று இரண்டு பேரையும் ஒரு மரியாதைக்குக் கேட்பார்கள். சாப்பிட வருகிறியளோ என்று வழியில் போகிறவரைக் கேட்பது போன்ற கேள்வி அது. இன்றுவரை ஒருவரும் ஓம் என்றதில்லை.

"இரஞ்சிதம், நீர் விடுறீரோ?"

"நான் ஏன் விடுறன்? சீட்டைப் போடுங்கோ," என்றாள் இரஞ்சிதம்.

"சிவகரன், நீ இந்தமுறை விடுறியோ?"

தலைவர் தன்னைப் பார்ப்பது சிவகரனுக்குத் தெரிந்தது. அதே நேரம் காதுக்குள் போன் அடித்தது. தலையைச் சொறிவது போல வலப்பக்கத்தை இரண்டுதரம் தட்டினான்.

"மாட்டை அவிட்டு விட்டிட்டியளோ?" என்றாள் சுதாஜினி.

காது அடைத்துக் கிடப்பவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னான்.

"ஓம், விட்டிட்டன்!"

தொழிற்சாலையில் மணி அடித்துவிட்டது. சுதாஜினி போனை வைத்துவிட்டாள். சிவகரன் நிமிர்ந்து பார்த்தான். எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பியிருந்தன. கைகள் தட்டுவது தெரிந்தது, சத்தம் இல்லை. யாருக்கோ தட்டுகிறார்கள் என்று அவனும் சேர்ந்து தட்டினான்.

வெளியே வந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்த பிறகும் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் தோளில் தட்டினார். இன்னொருவர் பிளேன்டீயைக் கையில் தந்து, "உனக்குப் பெரிய மனசடா," என்றார். பக்கத்து வாய்க்கால் கிருபன் மட்டும் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான்.

"உனக்கு வெளிநாட்டுக் காசு ஏதும் வந்ததோ?"

"ஏன்ரா?"

"வயலை விட்டிட்டாய்!"

"மாட்டையடா விட்டனான்!"

"மாடோ? மாட்டுக்கு என்னத்துக்குத் தண்ணிப் பங்கு?"

அவன் பிளேன்டீயைக் கிருபனின் கையில் கொடுத்தான். பிறகு ஓடிப்போய்ச் சிற்றம்பலத்திடம் பெட்டியைத் திறந்து காட்டினான். அவர் இரண்டு கறுப்புத் துண்டுகளையும் எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இது உன்ர காதில கிடந்ததை ஆரும் காணேல்லையே."

"கறுப்பு, ஐயா. தெரியாது."

"சபையில கேட்டு, சபையில சொன்னது. நான் இனி அதை மாத்தினால் நாளைக்கு ஒவ்வொருத்தனும் காதில ஒண்டைச் செருகிக்கொண்டு வருவான். இரஞ்சிதத்திட்டப் போய்க் கதை. அவ சம்மதிச்சால் சீட்டுப் போடுவம்."

இரஞ்சிதம் வரம்பில் மண்வெட்டியால் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தாள். அவன் முதலிலிருந்து சொன்னான்: அடைக்கிறது, விடுகிறது, அமத்துகிறது, தட்டுகிறது. சொல்லச் சொல்ல அவனுக்கே குழம்பியது.

"இப்ப காதில கிடக்கோ?"

"இல்லை அக்கா."

"அப்ப வடிவாக் கேள். நீ வாயால விட்டனி. நான் காதால கேட்டனான். எனக்கு ரெண்டு காதும் திறந்துதான் கிடந்தது. வெள்ளத்தில என்ர பயிரும்தான் போச்சு, தம்பி. சீட்டு எனக்கு விழாமல் போயிருந்தால், நீ எனக்கு விட்டிருப்பியோ?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தான். அந்தச் சொல்லை இனி எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று தெரியாமல் வரம்பால் திரும்பி நடந்தான்.

பின்னேரம் சுதாஜினி வேலையால் வந்து, கதையைக் கேட்டுக் குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டாள்.

"நான் மாட்டைத்தானே கேட்டனான்."

"நானும் மாட்டைத்தான் சொன்னனான்."

"பிறகென்னெண்டு வயல் போச்சு?"

அதைத்தான் அவனும் யோசித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் சரி, அவன் சொன்னதும் சரி, தலைவர் கேட்டதும் சரி. சாரங்கா காட்டித் தந்ததிலும் பிழையில்லை. எங்கே பிழைத்தது என்று விரல் வைத்துக் காட்ட ஓரிடமும் அகப்படவில்லை. அன்றிலிருந்து அவன் வலக்காதில் மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டான். இடதுபக்கத்துத் துண்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வருசப்பிறப்பு கழிந்து வாய்க்கால் திறந்தார்கள். தண்ணீர் இரஞ்சிதத்தின் வயலுக்குப் போனது. அவள் உழவுக்குச் சிவகரனையே கூப்பிட்டாள். அவன் போய் உழுதான். அவனுடைய வயல் தரிசாகக் கிடந்தது. விதைநெல்லைச் சோற்றுக்கு மில்லில் கொடுத்துக் குற்றினார்கள்.